மீன் என்று எழுதிய சீட்டு

வட சென்னையில் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் ஒரு மொட்டை மாடியில் பதினான்கு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன். மேலே தகரக் கூரை, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி, தரையில் பாய். ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். பாதிப் பேர் வீட்டில் கடல் தொழில். மீதிப் பேர் வீட்டில் துறைமுக வேலை, லாரி, ஆட்டோ, மீன் வியாபாரம்.

ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். அதில் ஒரே கேள்வி: ‘உனக்குப் பிடித்த அறிவியல் பிரிவு எது?’ இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று வரும். எத்தனை பேர் எதை எழுதினார்கள் என்று எண்ணி, அதற்கேற்ப அந்த வருடப் பாடத்தைத் தொடங்குவேன். நல்ல ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை இது என்றுதான் அப்போது நம்பினேன். எந்தப் பிரிவு பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எது அறிவியல் என்றே கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஏழாவது படித்த ஒரு பையன் தன் சீட்டில் ‘மீன்’ என்று எழுதியிருந்தான். நான் சிவப்பு மையால் அடித்து, ‘இது பிரிவு இல்லை, விலங்கியல் என்று எழுது’ என்று திருப்பிக் கொடுத்தேன். அவனும் அப்படியே எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் வகுப்பில் வாயே திறக்கவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. அமைதியான பையன் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, சட்டைப் பையிலிருந்து இரண்டு வெள்ளைக் கற்களை எடுத்து என் மேசையில் வைத்தான். புளியங்கொட்டை அளவு, பீங்கான் மாதிரிப் பளபளப்பு.

“இன்னா இது?”

“கத்தாளை மீன் தலையில இருந்துச்சு மிஸ். ரெண்டு பக்கமும் ஒண்ணு ஒண்ணு. பெரிய மீனுக்குப் பெருசா இருக்குது, சின்னதுக்குச் சின்னதா இருக்குது. இது எதுக்கு மிஸ் அதுக்கு?”

நான் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். பிறந்தது முதல் மீன் தின்று வளர்ந்தவள். அந்தக் கல்லை எத்தனையோ முறை தட்டில் ஒதுக்கி வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து படித்தேன். அது மீனின் காதுக்குள் இருக்கும் கல். மீன் தன் உடம்பை நிலையாக வைத்துக்கொள்ளவும், ஓசையை உணரவும் உதவுகிறது. மீன் வளர வளரக் கல்லும் அடுக்கடுக்காக வளர்கிறது. மெலிதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி வளையங்கள் தெரியும். அதை எண்ணித்தான் மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். கடலில் ஒரு வகை மீன் அளவுக்கு மீறிப் பிடிபடுகிறதா, குஞ்சுகள் வளர நேரம் கிடைக்கிறதா என்று முடிவு செய்ய உலகம் முழுக்க இந்தக் கல்லைப் பார்க்கிறார்கள். நான் அடித்துப் போட்ட அந்த ‘மீன்’ என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருந்தது.

மறுநாள் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்கே மறந்து போயிருந்தது. எனக்கு மறக்கவில்லை.

அந்த வருடம் சீட்டில் இரண்டாவதாக ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: ‘அதில் நீயே செய்து பார்த்தது, அல்லது உற்றுப் பார்த்தது என்ன?’ ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். முதல் கேள்வியை மட்டும் கேட்டால் பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தருவார்கள். உயிரியல் என்று எழுதுகிற பலருக்கு மனதில் இருப்பது டாக்டர் வேலை, இல்லையென்றால் அம்மா மனதில் இருக்கும் டாக்டர் வேலை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்த பிறகு எங்கள் மாடியிலும் அந்த ஆசை கூடியது. நல்ல ஆசைதான். ஆனால் செம்பருத்திப் பூவை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்காமல் ‘உயிரியல் பிடிக்கும்’ என்று சொல்வது வேறு விஷயம். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன் என்று செய்தி வந்த பிறகு சீட்டுகளில் ‘விண்வெளி’ பெருகியது. அந்தப் பிள்ளைகளை அன்று ராத்திரியே மாடியில் படுக்கவைத்து நிலாவைப் பார்க்கச் சொன்னேன். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, எங்கே இருக்கிறது, எந்த வடிவம் என்று வரைய வேண்டும். இரண்டு வாரம் விடாமல் வரைந்தவர்கள் நான்கே பேர். அந்த நான்கு பேருக்கு நிலா தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எனக்கு வேதியியல் பிடித்த கதையும் இதுதான். நான் படித்த பள்ளியில் ஆய்வகம் எப்போதும் பூட்டியே கிடக்கும். பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். பத்தாவதில் வந்த ஒரு டீச்சர் மட்டும் சோதனைக் குழாயை என் கையில் கொடுத்து, “நீயே ஊத்து” என்றார். தெளிந்த நீர் பால் மாதிரி வெளுத்தது. அன்றைக்கு எது என் கையில் வந்ததோ அதுவே என் பாடம் ஆகிவிட்டது. பிஸிக்ஸ் டீச்சர் ஒரு லென்ஸைக் கொடுத்திருந்தால் நான் பிஸிக்ஸ் படித்திருப்பேன்.

சரி, எது அறிவியல் என்ற கேள்விக்கு வருகிறேன். அதைக் கிளப்பியதும் அதே பையன்தான்.

அவன் எட்டாவது வந்திருந்தான். வானிலைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, “எங்க தாத்தா நாளைக்கு என்ன காத்துன்னு இன்னைக்கே சொல்லிடும் மிஸ். அது சயின்ஸா?” என்றான். முந்தைய வருடமாக இருந்தால் ‘அது அனுபவம்’ என்று சொல்லி நகர்ந்திருப்பேன். பக்கத்தில் இருந்த பெண், “அது சும்மா அடிச்சு விடுறது” என்றாள். இன்னொருவன், “எங்க நைனாவும் சொல்லும், ஆனா தப்பாதான் சொல்லும்” என்றான். பெரிய சண்டை ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் அவர்களுக்கு மூன்று கேள்விகள் கொடுத்தேன். இன்றுவரை எங்கள் மாடிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைத்திருப்பது அதைத்தான். நீ என்ன பார்த்தாய்? அதற்கு வேறு காரணம் இருக்க முடியுமா? எது நடந்தால் நீ சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வாய்? மூன்றாவது கேள்விதான் முக்கியம். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் அறிவியலுக்கும் மற்றதற்கும் எல்லை போட்டது இந்த இடத்தில்தான்: ஒரு கூற்று தப்பு என்று நிரூபணமாக வாய்ப்பே இல்லையென்றால் அது அறிவியலுக்குள் வராது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு பாப்பர் பெயர் தேவையில்லை. ‘எப்போ தோத்தேன்னு ஒத்துக்குவே?’ என்று கேட்டால் போதும், புரிந்துவிடுகிறது.

தாத்தாவிடம் இதைக் கேட்க நான் பயந்தேன். நாற்பது வருடம் கடலுக்குப் போனவரிடம் ‘நிரூபியுங்கள்’ என்று சொல்வது மரியாதையா? பையன் போய்க் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, “எழுதிக்கோடா. தப்பாச்சுன்னா தப்புன்னு எழுது” என்றாராம்.

எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், வேறு யாராவது செய்து பார்க்க உதவும். அக்டோபர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். கச்சான் ஓய்ந்து வாடை பிடிக்கும் நேரம் அது. வருடத்தில் காற்று மாறுகிற பருவம். மே மாதத்தில் செய்தால் யார் வேண்டுமானாலும் சரியாகச் சொல்லிவிடலாம். மாடியில் ஒரு மூங்கிலில் ரிப்பன் கட்டினோம். தரைப் பக்கமிருந்து வந்தால் கச்சான், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கடல் பக்கமிருந்து வந்தால் கொண்டல். காலை ஆறு மணிக்கு ரிப்பனைப் பார்த்து எழுதுவது தாத்தா சொன்னது தெரியாத ஒரு பெண். இது ரொம்ப அவசியம். என்ன வர வேண்டும் என்று தெரிந்தவன் பார்த்தால், அரைகுறையாகப் பறக்கும் ரிப்பனும் அவன் நினைத்த பக்கமே பறப்பதாகத் தெரியும். தாத்தா முந்தைய நாள் மாலை சொல்வதைப் பையன் தனி நோட்டில், தேதி போட்டு, பேனாவால் எழுத வேண்டும். பென்சில் கூடாது.

முப்பது நாள் முடிந்தது. தாத்தா சொன்னதில் இருபத்துமூன்று நாள் சரி. மாடியே கத்தியது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் இன்னொரு வேலை கொடுத்தேன். ஒன்றுமே தெரியாத ஒருவர், ‘நாளைக்கும் இன்றைய காற்றுதான்’ என்று தினமும் சொன்னால் எத்தனை சரியாக வரும் என்று அதே நோட்டில் எண்ணச் சொன்னேன். இருபத்தொன்று வந்தது. மாடி அமைதியாகிவிட்டது. நாற்பது வருட அனுபவத்துக்கும் ஒன்றும் தெரியாதவனுக்கும் இரண்டே நாள் வித்தியாசமா? பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஏன் இதைச் செய்யச் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

அவன் நோட்டைத் தாத்தாவிடம் கொண்டுபோனான். அவர் கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “ஒரே காத்து அடிக்கிற நாளுக்கு என்னை எதுக்குடா கேக்கணும்? மாறுற நாளை மட்டும் பாரு.” திரும்ப எண்ணினோம். முப்பதில் காற்று மாறிய நாட்கள் ஒன்பது. ‘இன்று போலவே நாளை’ என்பவர் அந்த ஒன்பதிலும் தோற்பார், வேறு வழியே இல்லை. தாத்தா அந்த ஒன்பதில் ஐந்தைச் சரியாகச் சொல்லியிருந்தார்.

வானிலைத் துறையில் கணிப்பின் தரத்தைப் பார்க்கிறவர்கள் செய்வதும் இதுதான். ‘நேற்றைப் போலவே இன்றும்’ என்ற சாதாரண ஊகத்தைவிட உன் கணிப்பு எவ்வளவு மேல் என்றுதான் அளப்பார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒரு மனிதர் அந்த இடத்துக்குத் தானாக வந்து நின்றார். முப்பது நாள் போதாது, ஒன்பதில் ஐந்து என்பது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம் என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். சொல்லியே ஆக வேண்டும். நமக்குப் பிடித்தவர் ஜெயித்தார் என்பதற்காக அங்கேயே நிறுத்திக்கொண்டால் அது பாசம், அவ்வளவுதான்.

இன்னொரு நாள், 2024 ஜனவரியில், ஒன்பதாவது படிக்கும் பெண் பலகையில் மூன்று வருடங்களை எழுதினாள். 2004, 2019, 2023. “2004 சுனாமி. 2019 சூரிய கிரகணம். இப்போ எண்ணூர்ல அமோனியா கசிவு. மூணுமே டிசம்பர் 26, மிஸ்.” பிள்ளைகளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எனக்கும்தான். மூன்றும் உண்மை. காசிமேட்டில் இன்றும் அந்தத் தேதியில் கடலில் பால் ஊற்றிப் பூப்போடுகிறோம். அந்த நாளைப் பற்றிப் பேசும்போது குரல் தானாகத் தாழும். அதனால் ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே வார்த்தையில் வெட்டிவிட எனக்கு மனமில்லை. அப்படி வெட்டினால் பிள்ளை நம்பிக்கையை விடாது, நம்மிடம் சொல்வதைத்தான் விடும்.

சுவரில் இருக்கும் கேள்விகளைப் பார்க்கச் சொன்னேன். 2004 முதல் 2023 வரை டிசம்பர் 26 இருபது முறை வந்திருக்கிறது. மீதிப் பதினேழு நாளில் என்ன நடந்தது? யாருக்கும் ஞாபகமில்லை. அதே இருபது வருடத்தில் நம் பக்கத்தை உலுக்கிய மற்ற நாட்கள் எவை? வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். 2015 டிசம்பர் முதல் வார வெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு எதிரே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, கரைக்கு வந்த எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளியது. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழை, அதோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய். டிசம்பர் இத்தனை முறை வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: வடகிழக்குப் பருவமழையும் புயலும் நமக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆனால் சுனாமிக்கு மழையோடு சம்பந்தமில்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் வந்த நிலநடுக்கம் அது. கிரகணம் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. குழாயில் கசிவு வந்தது மனிதர் பராமரிக்கும் ஒரு பொருளில். மூன்றுக்கும் மூன்று காரணம். அந்தப் பெண் கடைசியில், “அந்தத் தேதியை மட்டும் நாம ஞாபகம் வெச்சிருக்கோம் மிஸ்” என்றாள்.

பஞ்சாங்கத்தையும் இப்படியே பிரித்துப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் கிரகணம் எத்தனை மணிக்குப் பிடிக்கும், எப்போது விடும் என்று இருக்கும். இன்னொரு பக்கத்தில் பல்லி எங்கே விழுந்தால் என்ன பலன் என்று இருக்கும். இரண்டும் ஒரே புத்தகம், ஒரே அச்சு. முதலாவதை மாடியில் நின்று கடிகாரத்தோடு சரிபார்க்கலாம், தப்பானால் தெரிந்துவிடும். இரண்டாவது எப்போது தப்பாகும் என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் எழுதியிருக்காது. சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தவர். பஞ்சாங்கக் கணக்கைக் கண்ணால் பார்த்த வானத்தோடு ஒத்துவரும்படி திருத்த வேண்டும் என்று பாடுபட்டவரும் அவர்தான். பஞ்சாங்கத்தைத் தூக்கி எறியச் சொல்லாமல், எந்தப் பக்கத்தைச் சோதிக்க முடியும் என்று கேட்கச் சொன்னால் வீட்டில் பாட்டிகளும் கோபப்படுவதில்லை.

அமோனியா கசிந்த ராத்திரி எண்ணூரில் சொந்தக்காரர் வீட்டில் இருந்த பெண் ஒருத்தி எங்கள் வகுப்பில் உண்டு. நடு ராத்திரியில் எல்லோரோடும் ஓடியிருக்கிறாள். அதுவரை வேதியியல் என்றாலே முகத்தைத் திருப்புவாள். திரும்பி வந்ததும் வரிசையாகக் கேள்விகள். ஈரத்துணியை மூக்கில் வைக்கச் சொன்னது ஏன்? அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும், துணியில் உள்ள ஈரம் அதில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கண் ஏன் அப்படி எரிந்தது? கண்ணிலும் ஈரம்தான், கரைந்ததும் காரமாகிவிடும். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள், நான் அசந்துபோனேன். “புத்தகத்துல அமோனியா காத்தைவிட லேசுன்னு போட்டிருக்குது. அப்போ மேலதானே போவணும், ஏன் தெருவிலேயே நின்னுச்சு?”

புத்தகம் சொல்வது சரி. அமோனியாவின் மூலக்கூறு எடை 17, காற்றின் சராசரி 29. ஆனால் திரவ அமோனியா கொதிப்பதே மைனஸ் 33 டிகிரியில். அவ்வளவு குளிர்ந்த நிலையில் வெளியே வந்தால், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பனிமூட்டம் மாதிரி கனத்து, தரையை ஒட்டியே நகரும். சூடேறிய பிறகுதான் மேலே எழும்பும். பாடத்தில் படித்ததையும் தெருவில் பட்டதையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று கேட்டாள். அந்த வருடம் அவளுக்கு வேதியியலில் மார்க் பெரிதாக ஏறவில்லை. எனக்கு அதில் கவலையில்லை. மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்பு நீர், சோப்பு நீர், எலுமிச்சை என்று ஒவ்வொன்றாகத் தொட்டு, எது சிவக்கிறது என்று ஒரு மாதம் பட்டியல் போட்டாள். ஆபத்தான பொருள் எதுவும் இல்லாமல் காரத்தையும் அமிலத்தையும் பிள்ளைக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

கணக்கு அறிவியலா என்று வருடா வருடம் ஒருவர் கேட்பார். ராமானுஜன் 1912-ல் நம் துறைமுகத்தில்தான் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு எழுத்தராக இருந்தார் என்று சொன்னால் காசிமேட்டுப் பிள்ளைகளின் முதுகு நிமிரும். அவரைப் பற்றிப் பேசிவிட்டு ஒரு விளையாட்டு வைப்பேன். ஒரு எண்ணை எடுத்துக்கொள், அதே எண்ணால் பெருக்கு, அந்த எண்ணைக் கூட்டு, 41-ஐக் கூட்டு. ஒன்றை எடுத்தால் 43. இரண்டுக்கு 47. மூன்றுக்கு 53. எல்லாமே பகா எண். இருபது வரை போடுவார்கள், முப்பது வரை போடுவார்கள், எல்லாமே பகா எண்ணாக வரும். “இத்தனை தடவை சரியா வந்துச்சே, எப்பவும் அப்படித்தான் மிஸ்” என்பார்கள். நாற்பதைப் போடச் சொல்வேன். 1681 வரும். அது 41 பெருக்கல் 41. முப்பது நாள் ரிப்பனைப் பார்த்துவிட்டு நாளைக்கு என்ன காற்று என்று துணிந்து சொல்லலாம். கணக்கில் எத்தனை முறை சரியாக வந்தாலும் போதாது, நிரூபணம் வேண்டும். அதனால் கணக்கை அறிவியலின் ஒரு பிரிவாக நான் சொல்லித்தருவதில்லை. மற்ற எல்லாப் பிரிவுக்கும் அது வேண்டும், ஆனால் அதன் நீதிமன்றம் வேறு.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டால் நான் அதிகம் பேசுவதில்லை. 2024 இயற்பியல் நோபல் ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும், கம்ப்யூட்டரைக் கற்க வைக்கும் செயற்கை நரம்பு வலைப்பின்னலுக்காகப் போனது. பிரிவுகளின் வேலி அவ்வளவு இறுக்கமானது இல்லை என்று காட்ட அது ஒன்றே போதும். சமூக அறிவியலில் ‘அறிவியல்’ எங்கே என்று கேட்ட பையனிடம், தெருவில் எந்த வீட்டு அடிபம்பில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று கணக்கெடுக்கச் சொன்னேன். தன் சொந்தக்காரர் வீடுகளில் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தான். எல்லா வீடும் ஒரே சந்து. திரும்ப அனுப்பினேன், மூன்று வீடு விட்டு ஒரு வீடு என்று. பதிலே மாறிவிட்டது.

பெற்றோர் வந்து, “மார்க் வருமா மிஸ்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் போட் போகாமல் இருந்துவிட்டுப் பீஸ் கட்டுகிறவர்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது. அதனால் வார நாளில் பாடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இந்த வேலை என்று பிரித்துக்கொண்டேன். அவர்களையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். கருவாடு போடும் ஒரு அம்மா, உப்பு போட்டால் மீனிலிருந்து ஏன் நீர் இறங்குகிறது என்று சவ்வூடு பரவலை நான் விளக்கியபோது, “கல்லுப்பு போட்டா மெதுவா இறங்கும், தூள் உப்பு போட்டா மேல மட்டும் இறுகிப்பூடும், உள்ள நாறும்” என்றார். அது சரியா என்று அடுத்த ஞாயிறு நெத்திலியும் வஞ்சிரத் துண்டும் வைத்துத் தராசோடு உட்கார்ந்தோம். நெத்திலியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, வஞ்சிரத்தில் தெரிந்தது. ஒரு தடவைதான் செய்தோம், இன்னும் செய்ய வேண்டும்.

போன மாதம் பிள்ளைகளைத் தூண்டில் வளைவுக்கு அழைத்துப்போனேன். கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கருங்கல் வரிசை, எங்கள் கரையில் வழி நெடுக உண்டு. அதன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னேன், வேறு எதுவும் சொல்லவில்லை. முதலில் செல்ஃபி எடுத்தார்கள். அப்புறம் ஒருத்தி, “இந்தப் பக்கம் மண்ணு இருக்குது, அந்தப் பக்கம் இல்ல” என்றாள். தெற்கே மணல் சேர்ந்திருந்தது, வடக்கே அலை நேராகக் கல்லில் மோதியது. ஏன் என்று கேட்டேன். அன்றைக்கு எங்களோடு வந்திருந்தான் ‘மீன்’ என்று எழுதிய பையன். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இப்போது துறைமுகத்தில் போட் என்ஜின் வேலை பார்க்கிறான், முடிந்த ஞாயிறுகளில் வருவான். “வருஷத்துல பாதிக்கு மேல தண்ணி வடக்காலதான் இழுக்கும். மண்ணையும் இழுத்துக்கினு போவும். கல்லு குறுக்கால நின்னா இந்தப் பக்கமே தங்கிடும்” என்றான்.

அதையே பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். 1870-களில் சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கியதிலிருந்து, அதன் சுவர்தான் இந்தக் கடற்கரையின் ஆகப் பெரிய தூண்டில் வளைவு. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டி மணல் வராமல் கரை அரித்தது. அதனால்தான் நம் பக்கம் மணலுக்குப் பதில் கருங்கல்.

ஒரு ஏழாவது படிக்கும் பெண் ரொம்ப நேரம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ மெரினா மண்ணு நம்ம மண்ணா மிஸ்?”

யாரும் பதில் சொல்லவில்லை. பத்தாவது படிக்கும் பையன் ஒருவன், “இது எந்தப் பாடம் மிஸ்? பிஸிக்ஸா, ஜியாகிரபியா?” என்றான். அலை இயற்பியல், மணல் புவியியல், சுவர் பொறியியல், யாருடைய வீடு போனது என்பது வரலாறு என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அந்தப் பெண் கீழே இறங்கி, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த தன் ஆயாவிடம் ஓடிவிட்டாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

“ஆயா, உங்க பழைய வூடு எங்க இருந்துச்சு?”

ஆயா எழுந்து, கல்வரிசையைத் தாண்டி, அலை உடையும் இடத்துக்கும் அப்பால் கையை நீட்டினார். “அங்க. வாசல்ல ஒரு கெணறு இருந்துச்சு. அதுக்கும் அந்தாண்ட மண்ணு, அப்புறம்தான் கடலு.”

“எத்தினி அடி இருக்கும் ஆயா?”

“அதெல்லாம் அளந்தாடி வெச்சாங்க?”

அவள் நோட்டை எடுத்து, தேதி போட்டு, பேனாவால் எழுதினாள். கோயில் வாசல்படியிலிருந்து இப்போது கல்வரிசை வரை கயிறு போட்டு அளந்திருக்கிறோம். ஆயா வயதில் தெருவில் இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, மற்றவர் சொன்னதைச் சொல்லாமல் கேட்க வேண்டும் என்று அவளே திட்டம் போட்டிருக்கிறாள். முதல் வீடு, வரும் ஞாயிறு.